மோலுங்கிமோங்: பாட்டுல பிறந்த ஒரு மலைச் சபை

நாகாலாந்துன்னு சொன்னாலே நம்ம ஆளுங்க கேக்குறது ரெண்டே கேள்விதான், ஹார்ன்பில் திருவிழா பாத்தியா, ஜூக்கோ பள்ளத்தாக்கு போனியா. எனக்கு அங்க போகணும்னு ஆசை வந்தது வேற ஒரு காரணத்துக்காக. எங்க அக்கா வேலூர்ல நர்சிங் படிச்சப்போ கூடப் படிச்ச ஆவோ நாகா (நாகர்கள்ல ஒரு பழங்குடி) அக்கா ஒருத்தங்க லீவுக்கு எங்க வீட்டுக்கு வருவாங்க, ராத்திரி குடும்ப ஜெபத்துல அவங்க பாஷையில ஒரு பாட்டுப் பாடுவாங்க. ஒருநாள் எங்க அம்மா, உங்க ஊருக்கு யாரும்மா சுவிசேஷம் கொண்டு வந்ததுன்னு கேட்டாங்க. அவங்க யோசிக்கவே இல்ல, கோதுலான்னு ஒரு அசாமியர், எங்க பாஷையைக் கத்துக்கிட்டு வந்து பாடினாரு ஆன்ட்டின்னாங்க. வெள்ளைக்கார மிஷனரி பேரு ஏதாவது வரும்னு நெனச்சுக்கிட்டு இருந்த எனக்கு அந்தப் பேரு மனசுல ஒட்டிக்கிச்சு.

அந்த கோதுலா மலை ஏறிப் போன கிராமம்தான் மோலுங்கிமோங். மொகோக்சுங் மாவட்டத்துல, அசாம் சமவெளியைப் பாத்த மாதிரி இருக்குற மலையில இருக்கு. அந்தக் காலத்துல அசாம்காரங்க அதை தேகாஹைமோங்னு சொல்லுவாங்க. ஆவோ நாகர்கள் மத்தியில முதல் பாப்திஸ்து சபை ஆரம்பிச்சது அங்கதான், 1872 டிசம்பர் 22, ஞாயித்துக்கிழமை. சபை சின்னது, கிராமம் சின்னது, ஆனா அதோட கதை சின்னது கிடையாது. நான் கேட்டதையும் படிச்சதையும் அங்க போய்ப் பாத்ததையும் சேத்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையாப் படிங்க.

முதல்ல பின்னணி. அமெரிக்க பாப்திஸ்து மிஷனரிங்க அசாமுக்கு வந்தது 1836ல, சதியாங்குற ஊருக்கு. அப்புறம் இடம் மாறி மாறி சிப்சாகர்ல வந்து நிலைச்சாங்க. சிப்சாகர் மிஷன் அச்சகத்துலதான் அருணோதய்னு அசாமிய மொழியோட முதல் மாதப் பத்திரிகை 1846ல இருந்து வந்துச்சு. எட்வர்ட் வின்டர் கிளார்க், அவர் மனைவி மேரி மீட் கிளார்க் ரெண்டு பேரும் 1869ல சிப்சாகர் வந்தது அந்த அச்சக வேலையைப் பாக்கத்தான். கீழ பிரஸ் ஓடிக்கிட்டு இருக்கு, அண்ணாந்து பாத்தா நீலமா மலைங்க தெரியுது, அந்த மலையில இருந்து நாகர்கள் இறங்கி வந்து வியாபாரம் பண்ணிட்டு உப்பு வாங்கிட்டு திரும்பிப் போறாங்க. யாரு இவங்க, இவங்களுக்கு யாரு போய்ச் சொல்றதுன்னு அந்த தம்பதிக்கு ஒரே பாரம். ஆனா அச்சகத்தை விட்டுட்டுப் போக முடியாது, மலையில பிரிட்டிஷ் அரசாங்கத்தோட அதிகாரமும் கிடையாது. ஆவோ பகுதியை பிரிட்டிஷ்காரங்க சேத்துக்கிட்டதே 1889லதான். தலை வேட்டை நடந்துக்கிட்டு இருந்த காலம் அது.

இங்கதான் ரெண்டு பேரு வர்றாங்க, இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிரியமானவங்க. ஒருத்தர் கோதுலா, முழுப் பேரு கோதுலா ரூஃபஸ் பிரவுன், சிப்சாகர் சபையோட அசாமிய சுவிசேஷகர், நம்ம பக்கம் உபதேசியார்னு சொல்றோமே அந்த மாதிரி. இன்னொருத்தர் சுபோங்மெரென், மோலுங்கிமோங்ல இருந்து சிப்சாகருக்கு இறங்கி வந்த ஒரு ஆவோ. கோதுலா இவர்கிட்ட உக்காந்து ஆவோ பாஷை கத்துக்கிட்டாரு. அந்த பாஷைக்கு அப்போ எழுத்தே கிடையாது, வாயால கேட்டு வாயால சொல்லித்தான் கத்துக்கணும். யோசிச்சுப் பாருங்க, நாகர்களுக்கு சமவெளிக்காரங்க மேல நம்பிக்கை கிடையாது, சமவெளிக்காரங்களுக்கு நாகர்னா பயம், அப்படி இருக்குறப்போ ஒரு அசாமியர் ஒரு நாகரை குருவா வெச்சு பாடம் கேக்குறாரு. இந்தச் சபையோட அஸ்திவாரக் கல்லு எங்க போட்டாங்கன்னு என்னைக் கேட்டா அந்தப் பாடம் நடந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

1871 அக்டோபர்ல கோதுலா மலை ஏறினாரு. போன உடனே வரவேற்பெல்லாம் இல்ல, கம்பெனியோட, அதாவது பிரிட்டிஷ்காரங்களோட ஒற்றன்னு சொல்லி ஒரு குடிசையில வெச்சு காவல் போட்டுட்டாங்க. அவங்க பயத்துல நியாயம் இருந்துச்சு, அதையும் சொல்லணும். கீழ தேயிலைத் தோட்டங்க காட்டைத் தின்னுக்கிட்டே மலையடிவாரம் வரைக்கும் வந்துருச்சு, தெற்குப் பக்கம் அங்காமி நாகர் கிராமங்களுக்குள்ள பிரிட்டிஷ் படை பல தடவ போயிருக்கு. முதல்ல ஒருத்தன் நல்லவன் மாதிரி வருவான், பின்னாடி பட்டாளம் வரும்னு பெரியவங்க நெனச்சதுல என்ன தப்பு இருக்கு.

குடிசைக்குள்ள அடைபட்ட மனுஷன் என்ன செய்வாரு, வாக்குவாதம் பண்ணல, கெஞ்சல, பாட ஆரம்பிச்சாரு. கோதுலாவுக்கு கணீர்னு ஒரு குரலாம், அசாமிய கீர்த்தனைகளை அந்தக் குரல்ல பாடப் பாட குடிசையைச் சுத்தி பிள்ளைங்களும் பொம்பளைங்களும் வந்து நிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் ஆம்பளைங்களும் வந்தாங்க. பாட்டு அசாமிய பாஷையில, ஆனா பாட்டு முடிஞ்சதும் அவரு பேசினது அவங்க சொந்த பாஷையில. வெளியூர்க்காரன் ஒருத்தன் தங்க பாஷையில இயேசுவோட கதையைச் சொல்றதை அந்த ஊரு அன்னைக்குத்தான் கேக்குது. ஒற்றன்னு அடைச்சு வெச்சவங்களே கொஞ்சம் கொஞ்சமா அவரைச் சுத்தி உக்காந்து கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்போஸ்தலர் 16ல பவுலும் சீலாவும் காவல்ல இருந்து பாடினப்போ மத்த கைதிங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு வாசிக்கிறோமே, எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வசனம்தான் வரும்.

அதுக்கப்புறம் கோதுலா திரும்பத் திரும்ப மலைக்குப் போனாரு, அவர் மனைவி லூசியும் அந்த ஊழியத்துல கூட நின்னாங்க. அந்த அம்மாவைப் பத்தி யாருமே பெருசா எழுதுறது இல்ல, எனக்கு அது வருத்தம். தலை வேட்டை நடக்குற மலைக்கு புருஷனோட ஏறிப் போய் அந்த ஊர்ப் பொம்பளைங்களோட பழகுறதுக்கு எவ்வளவு விசுவாசம் வேணும்.

1872 நவம்பர்ல 9 பேரு ஞானஸ்நானம் எடுக்க கோதுலாவோட மலையிறங்கி சிப்சாகர் வந்தாங்க. ஏன் அவ்வளவு தூரம்? பாப்திஸ்து முறையை அறியாதவங்களுக்காகச் சொல்றேன், அவங்ககிட்ட குழந்தை ஞானஸ்நானம் கிடையாது, தெளிப்பு கிடையாது. விசுவாசிச்சவங்க சபைக்கு முன்னாடி நின்னு தன் வாயால அறிக்கை பண்ணணும், சபையார் கேட்டு ஏத்துக்கணும், அப்புறம் தண்ணியில முழுசா முழுக்கி எடுப்பாங்க. ஏத்துக்கிறதுக்கு ஒரு சபை வேணுமே, மலையில சபை இல்ல. அதனால சபை இருந்த இடத்துக்கு அவங்களே நடந்து வந்தாங்க. திகோ ஆத்துல முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாங்க. வழியில எதிரி கிராமம், காட்டு மிருகம் எல்லாம் உண்டு, திரும்பிப் போனா ஊர்ல என்ன சொல்லுவாங்களோ தெரியாது. அந்த 9 பேரும் வந்து கூப்பிட்டதாலதான் கிளார்க் மலைக்குப் போனாரு. மிஷனரி போய் சபையை உண்டாக்கினாருன்னு நாம சுருக்கமாச் சொல்லிடுறோம், நடந்தது இந்த வரிசையில.

அடுத்த மாசமே கிளார்க் கிளம்பிட்டாரு. அவரைக் கூட்டிட்டுப் போக கிராமத்துல இருந்து 60 வீரங்க ஈட்டியோட, தாங்குற வெட்டுக்கத்தியோட வந்தாங்க. இந்த 60 பேரு வராம அந்தப் பாதையில ஒரு அந்நியன் உயிரோட போய்ச் சேர முடியாது, அவங்க ஊரு அவருக்குக் கொடுத்த பாதுகாப்பு அது. போய்ப் பாத்தா கிராமத்துல ஏற்கனவே ஒரு சின்ன ஆலயம் கட்டி வெச்சிருக்காங்க, மூங்கில்ல. மிஷன் பணம் இல்ல, கட்டளை இல்ல, ஊர்க்காரங்களே வெட்டி கட்டினது. டிசம்பர் 22ம் தேதி இன்னும் 15 பேரு ஞானஸ்நானம் எடுத்தாங்க. முந்தின 9, இந்த 15, ஆக 24 பேரு. சபை ஆயிருச்சு. கிளார்க் அங்க இருந்தது ரெண்டு வாரம்கூட இல்ல, சேறு அப்பின செருப்போட சிப்சாகர் வீட்டுக்குள்ள வந்து, என் வாழ்நாள் வேலை எதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னு மனைவிகிட்ட சொன்னாராம்.

சரி, நான் போன கதைக்கு வர்றேன். நாகாலாந்துக்குள்ள போக இன்னர் லைன் பெர்மிட் வேணும், இப்ப ஆன்லைன்லயே எடுக்கலாம். அந்தப் பெர்மிட்டுக்கு மூலமான சட்டம் 1873ல வந்தது, அதாவது இந்தச் சபை பிறந்த அடுத்த வருஷம். நான் ஜோர்ஹாட் வந்து, மரியானி வழியா சாங்கி ஏறி மொகோக்சுங் போனேன். சமவெளி முழுக்க தேயிலைத் தோட்டம், செக் கேட் தாண்டின உடனே ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏற ஆரம்பிக்குது, ஒரு பக்கம் மூங்கில் காடு, எங்க பாத்தாலும் மலை உச்சியில கிராமம், கிராமத்து உச்சியில ஆலயம். ஆவோ கிராமங்க எல்லாமே மலை முகட்டுலதான் இருக்கும், எதிரி வர்றது தெரியணும்னு அந்தக் காலத்துல அப்படிக் கட்டினாங்க. இப்போ அந்த உச்சியில சிலுவை தெரியுது.

மொகோக்சுங்ல நம்ம வேலூர் அக்காவோட வீட்டுல தங்கினேன். சனிக்கிழமை அவங்க சொந்தக்காரர் ஒருத்தர் ஜீப்புல மோலுங்கிமோங் கூட்டிட்டுப் போனாரு. அங்க சபையில டீக்கனா இருந்த ஒரு பெரியவர், அங்கிள்னுதான் கூப்பிட்டேன், வாசல்லயே நின்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. அடுப்பு பக்கத்துல மோடா போட்டு உக்கார வெச்சு பால் இல்லாத சிவப்பு டீ கொடுத்தாங்க. அந்த வீட்டு அடுக்களையில அடுப்புக்கு மேல மூங்கில் தட்டு தொங்குது, அதுல இறைச்சி புகையில காயுது, பக்கத்துல அனிஷின்னு சேம்பிலையைப் புளிக்க வெச்சு அடையாத் தட்டிக் காய வெச்சது கருப்பா அடுக்கி இருக்கு. ராத்திரி அந்த அனிஷி போட்டு பன்றிக்கறி, சோறு. சாப்பிடுறதுக்கு முன்னாடி அங்கிள் ஆவோ பாஷையில நீண்ட ஜெபம் பண்ணாரு, நடுவுல கோதுலாங்குற பேரும் தமிழ்நாடுங்குற பேரும் மட்டும் எனக்குப் புரிஞ்சுது, கண்ணு கலங்கிருச்சு.

ஞாயித்துக்கிழமை ஆராதனை. சபைக்கு ஆவோ பாஷையில அரோகோன்னு சொல்றாங்க. மூங்கில் ஆலயம் இருந்த ஊர்ல இப்ப நிக்கிறது கான்கிரீட் ஆலயம். எனக்குப் பக்கத்துல ஒரு பாட்டி, தோள்ல சிவப்பும் கருப்புமா கை நெசவுச் சால்வை, மடியில அட்டை கிழிஞ்சு நூல் போட்டுத் தைச்ச பாட்டுப் புஸ்தகம். எட்டிப் பாத்தேன், பாட்டு வரிக்கு மேல டோ ரே மீ எழுத்துங்க நாலு வரிசையா இருக்கு, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ். அந்தப் பாட்டி கண்ணாடி போடாமலே ஆல்ட்டோ பாடுறாங்க, பின்னாடி வரிசையில வயலுக்குப் போற கைங்களை வெச்சுக்கிட்டு ஆம்பளைங்க பாஸ் பாடுறாங்க, பாடகர் குழு தனியா இருக்கு ஆனா அது தேவையே இல்லாத மாதிரி மொத்த சபையும் நாலு குரல்ல பாடுது. ஒரு மனுஷன் தனிக்குரல்ல பாடின ஊரு இது. நான் தமிழ்ல முணுமுணுத்தேன், ராகம் தெரிஞ்ச பாட்டுதான். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா ஜெபம் பண்றாங்க, மழை வந்து தகரக் கூரையில அடிக்கிற மாதிரி எழும்பி அப்படியே அடங்குது.

ஆராதனை முடிஞ்சு அங்கிள் எனக்கு ஊரைச் சுத்திக் காட்டினாரு. அப்போதான் அவரு 1876ல நடந்ததைப் பத்திப் பேசினாரு, அதை நான் இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லணும், ஏன்னா சபை வரலாறுன்னா நாம நல்லதை மட்டும் எழுதிட்டு நிறுத்திடுறோம்.

1876 மார்ச்ல கிளார்க் அச்சகத்தை விட்டுட்டு நிரந்தரமா மலைக்கு வந்துட்டாரு, வயசு 46. மேரி அப்போ உடம்பு சரியில்லாம அமெரிக்காவுல இருந்தாங்க. கிளார்க் வந்த பிறகு ஊர்ல பிளவு பெருசாச்சு. ஆவோ கிராமத்துல ஆமுங்னு சில நாளுங்க உண்டு, அன்னைக்கு ஊர்ல யாரும் வயலுக்குப் போகக்கூடாது, வேலை செய்யக்கூடாது, ஊரே சேந்து கடைப்பிடிக்கணும். ஒருத்தர் மீறினாலும் நோயோ பஞ்சமோ தீயோ வந்து மொத்த ஊரையும் அடிக்கும்னு நம்பிக்கை. கிறிஸ்தவங்க நாங்க அதை வைக்க மாட்டோம், பலியில சேர மாட்டோம், சண்டைக்கும் வர மாட்டோம்னா, ஊர்ப் பெரியவங்களுக்கு அது அவங்கவங்க சொந்த விஷயம் இல்ல, எல்லார் உயிரும் பணயம். அங்கிள் சொன்னாரு, அன்னைக்கு எதிர்த்தவங்களும் எங்க தாத்தாங்கதான், ஊரைக் காப்பாத்தத்தான் எதிர்த்தாங்கன்னு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. தன் விசுவாசத்துல துளி விட்டுக்கொடுக்காம, எதிர்த்தவங்களையும் மரியாதையாப் பேசுறாரு.

1876 அக்டோபர் 24ம் தேதி கிளார்க்கோட சுமார் 15 குடும்பங்க கிராமத்தை விட்டுப் பிரிஞ்சு போய் வேற முகட்டுல புது ஊர் போட்டாங்க, மோலுங்யிம்சென். பிறந்த ஊரை, மூதாதையர் வாழ்ந்த மண்ணை, ஊர்க் காவலையும் சேத்து விட்டுட்டுப் போறது லேசு இல்ல. புது ஊர்ல ஆளு குறைவு, எந்த ராத்திரி யாரு வந்து தாக்குவாங்கன்னு தெரியாத நிலைமை. இதைக் கேட்டப்போ எனக்கு நம்ம முதலூர் ஞாபகம் வந்துச்சு. திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், 1799ல தாவீது சுந்தரானந்தம் உபத்திரவப்பட்ட விசுவாசிகளைச் சேத்து நிலம் வாங்கி உண்டாக்கின ஊர் அது. மண்ணு வேற, சபைப் பிரிவு வேற, வருஷம் 77 வித்தியாசம், ஆனா முதல் தலைமுறை கிறிஸ்தவங்க ரெண்டு இடத்துலயும் புதுசா ஒரு ஊரையே போட வேண்டியிருந்துச்சு. அங்கிள்கிட்ட முதலூரைப் பத்திச் சொன்னேன், பேரை ரெண்டு மூணு தடவ சொல்லச் சொல்லி ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக்கிட்டாரு.

மேரி 1878ல திரும்பி வந்து மோலுங்யிம்சென்ல பெண் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. ஆவோ பாஷைக்கு ரோமன் எழுத்துல எழுத்து வடிவம் கொடுத்து பாடப் புஸ்தகம், சுவிசேஷம், பாட்டு எல்லாம் ஒண்ணொண்ணா அச்சாச்சு. 1894ல மிஷன் மையம் இம்பூருக்கு மாறிச்சு, இன்னைக்கும் ஆவோ பாப்திஸ்து சபைகளோட தலைமையிடம் அங்கதான். கிளார்க்கோட ஆவோ அகராதி 1911ல வந்துச்சு, ரெண்டு வருஷத்துல அமெரிக்காவுல அவர் கர்த்தருக்குள்ள நித்திரையானாரு. 40 வருஷத்துக்கு மேல கொடுத்த மனுஷனைக் குறைச்சுப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்ல. ஆனா கல்லூரிக்கும் கட்டடத்துக்கும் கிளார்க் பேரு சுலபமா வருது, கோதுலா, லூசி, சுபோங்மெரென் பேரு வெளியூர்ல பத்து பேருக்குத் தெரியாது, நம்ம ஞாயிறு பள்ளி மிஷனரி கதையில இவங்க வர்றதே இல்ல. சுபோங்மெரென் பாஷை சொல்லிக் கொடுக்கலன்னா கோதுலா இல்ல, கோதுலா பாடலன்னா அந்த 9 பேரு இல்ல, அவங்க வராம கிளார்க் மலைக்குப் போயிருக்க மாட்டாரு.

2011 கணக்குப்படி நாகாலாந்துல 100க்கு 88 பேரு கிறிஸ்தவங்க, அதுல பெரும்பாலும் பாப்திஸ்து. 2022ல இந்தச் சபைக்கு 150 வருஷம் நிறைஞ்சுச்சு.

சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி அங்கிள் ஊரோட ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போய் கையை நீட்டிக் காட்டினாரு, கீழ தூரத்துல அசாம் சமவெளி, அதோ அந்தப் பக்கம்தான் சிப்சாகர், அந்த வழியாத்தான் கோதுலா ஏறி வந்தாருன்னாரு. காடும் பள்ளமுமா இருக்கு, கீழ இருந்து ஏறணும்னா நாள்கணக்குல நடை. கோதுலாவுக்கு பின்னாடி எந்த நாடும் இல்ல, கொடியும் இல்ல, ஒரு சின்ன அசாமிய சபையோட ஜெபம் மட்டும்தான் இருந்துச்சு. நான் அங்கயே நின்னு லூசி அம்மாவுக்காகவும் சேத்து ஸ்தோத்திரம் பண்ணேன்.

போக ஆசைப்படுறவங்களுக்கு சில விஷயம். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் போங்க, மழைக்காலத்துல ரோடு வழுக்கும், மண்சரிவு வரும். ஜோர்ஹாட் அல்லது திமாப்பூர்ல இருந்து மொகோக்சுங்குக்கு ஷேர் சுமோ கிடைக்கும், காலையிலயே கிளம்பிடும். மொகோக்சுங்ல இருந்து கிராமத்துக்கு தனி வண்டி பிடிக்கிறது நல்லது, போற வழியில இம்பூரையும் பாக்க முடியுமான்னு டிரைவர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை கடைங்க எல்லாம் மூடியிருக்கும், அதனால சனிக்கிழமையே ஊருக்குப் போய்ச் சேந்துருங்க. முன்கூட்டி சபைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, யாராவது வீட்டுல தங்க வெச்சுருவாங்க. பாஷை தெரியலையேன்னு தயங்காதீங்க, இளசுங்க எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க. ஒரு தமிழ்ப் பாட்டு மட்டும் நல்லாப் பழகிட்டுப் போங்க, கண்டிப்பாப் பாடச் சொல்லுவாங்க.